லேட் ஆனா கஸ்டமர் ஓடிடுவாங்களா?

கேள்வி: நானும் ஃப்ரெண்டும் கையால ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கான ஆம்ப்ளிஃபையர்) செஞ்சு ப்ரீஆர்டர்ல விக்கிறோம். ஒரு பார்ட் வராம ரெண்டு மாசம் லேட். கஸ்டமர்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல சார், வாயைத் திறக்கவே பயமா இருக்கு.

பதில்: வாயைத் திறக்காததுதான் பிரச்சனையே. லேட்டை மன்னிச்சிடுவாங்க, அவங்களா கேட்டு கேட்டு தெரிஞ்சுக்க வேண்டியிருந்தா மன்னிக்க மாட்டாங்க. 2012ல பெப்பிள்ங்கிற ஸ்மார்ட்வாட்சுக்கு கிக்ஸ்டார்ட்டர்ல (பொருள் செய்ய மக்கள்கிட்ட முன்னாடியே பணம் திரட்டுற சைட்) 1 லட்சம் டாலர் கேட்டு 1 கோடி டாலருக்கு மேல வந்துடுச்சு, செப்டம்பர்ல தர்றோம்னு சொன்னது 2013 ஜனவரியிலதான் கிளம்புச்சு, ஆனா நடுவுல என்ன வேலை நடக்குதுன்னு அப்டேட் போட்டுட்டே இருந்தாங்க. நீங்களும் எந்த பார்ட், ஏன் வரல, வேற பார்ட் மாத்தினா சவுண்டு மாறுமான்னு உள்ளதை சொல்லுங்க, பாதி அசெம்பிள் ஆன போர்டோட போட்டோவும் போடுங்க. "சீக்கிரம் வரும்"னு மட்டும் எழுதாதீங்க, அதைப் பார்த்தாலே எனக்கே எரிச்சல் வரும். சப்ளையர் சொல்ற தேதிக்கு மேல சில வாரம் சேர்த்தே சொல்லுங்க, ஏன்னா ரெண்டாவது தடவை தேதி மாறினா முதல் தடவையைவிட கோபம் ஜாஸ்தி. ரீஃபண்ட் கேட்டா ஏன்னு கேக்காம அன்னிக்கே குடுத்துடுங்க (அதுக்காகவே அந்த அட்வான்ஸ் பணத்துல கொஞ்சத்தை தொடாம வைக்கணும்). முக்கியமா, இந்த பேட்ச் போய் சேர்ற வரைக்கும் புது ஆர்டர் எடுக்காதீங்க.