ஈஸ்டர் முடிந்தும் ஏன் ஏழு வாரம் கொண்டாட்டம்? அதில் நீதி எங்கே வருகிறது?

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் ஒருநாள் பண்டிகை அல்ல. தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே நாள் வரை 50 நாள் நீளும் காலம். இந்த நாட்களில் முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று 325-இல் கூடிய திருச்சபை ஆயர்களின் நிசேயா சங்கம் விதியே வகுத்தது. எழுந்தவரைக் கொண்டாடுபவர்கள் எழுந்து நிற்கட்டும் என்பதுதான் எண்ணம்.

சரி, நீதி? இயேசு மாண்ட சிலுவை என்பது ரோம அரசின் தண்டனை. தீர்ப்பளித்தவர் ஆளுநர் பொந்தியு பிலாத்து. அந்தத் தீர்ப்பைக் கடவுள் ரத்து செய்துவிட்டார் என்பதே உயிர்த்தெழுதலின் அறிவிப்பு. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட எவருக்கும் இது வெறும் ஆன்மிகச் செய்தியாகக் கேட்காது. உயிர்த்தவரின் கைகளில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன என்கிறது யோவான் நற்செய்தி. நடந்த கொடுமையை மறைக்காத மகிழ்ச்சி அது. பல பிரசங்கங்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

இயேசு உயிர்த்த செய்தியை முதலில் சொன்னவர்கள் பெண்கள். இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்களோ அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள். (நற்செய்தி எழுதிய லூக்கா இதை ஒளிக்காமல் எழுதியிருப்பது பிடிக்கும்.)

நீதியோடு நம்பிக்கையும் வேண்டுமென்றால், லூக்கா சொல்லும் எம்மாவு ஊர்ப் பயணத்தைப் படியுங்கள். இயேசு இறந்த துயரத்தில் அவருடைய சீடர்கள் இரண்டு பேர் எருசலேமிலிருந்து வாடிய முகத்தோடு நடக்கிறார்கள். "நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். கூடவே நடப்பவர் உயிர்த்த இயேசுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்கிறது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறக்கிறது. அப்புறம் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வந்த சுமார் 11 கிலோமீட்டரும் அந்நேரமே எருசலேமுக்குத் திரும்பி நடக்கிறார்கள்.