டாலியனில் டிராம், மெட்ரோ, ரயில்: கேட்டவையும் சொன்னவையும்

வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், தீபகற்ப முனையில் இருக்கும் துறைமுக நகரம் டாலியன். பல வருடங்களாக இங்கே வசிக்கிறேன். சொந்தமாகக் கார் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. 1909இல் ஓடத் தொடங்கிய டிராம், கடலுக்கு அடியில் போகும் மெட்ரோ, பனியிலும் ஓடும் அதிவேக ரயில் என்று எல்லாம் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. இங்கே படிக்க வருகிறவர்களும், கப்பலில் வந்து இறங்குகிறவர்களும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு டாலியன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே கல்லூரிப் பக்கம் போய்விட முடியுமா? நானும் கூட வருகிறேன்.

பதில்: வாழ்த்துகள் ஐயா. முடியும். ஆனால் முதல் நாள் வேண்டாம்.

விமான நிலையத்திலேயே 2ஆம் தடத்தின் நிலையம் இருக்கிறது. அதில் ஏறி சீஆன் சாலையில் இறங்கி 1ஆம் தடத்துக்கு மாறவேண்டும். அது ஹெகோவில் முடியும். அங்கிருந்து, தீபகற்பத்தின் முனையில் இருக்கும் லூஷுன் பக்கம் போகும் 12ஆம் தடம். பல்கலைக்கழக வளாகம் லூஷுன் தெற்குச் சாலையில் இருப்பதால், மெட்ரோவை விட்டு இறங்கிய பிறகும் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். இரண்டு பெரிய பெட்டிகளோடு இத்தனை தடவை மாறி ஏறுவது உங்களையும் பிள்ளையையும் களைப்பாக்கிவிடும். கல்லூரி வண்டி அனுப்பினால் அதில் போங்கள், இல்லாவிட்டால் டாக்சி.

அதற்குப் பிறகு நான்கைந்து வருடம் உங்கள் மகளுக்கு இந்தத் தடங்கள்தான் துணை. 12ஆம் தடத்தைப் பற்றி ஒன்று சொல்லி வையுங்கள். சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு எட்டே நிலையங்கள். நகருக்குள் ஓடும் மெட்ரோ மாதிரி நினைத்தவுடன் வண்டி வராது. கடைசி வண்டியும் இரவில் சீக்கிரமே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வந்தால், கடைசி வண்டி நேரத்தை ஹெகோவில் இறங்கும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, டிராமில் போக ஆசை. 201, 202 என்று இரண்டு இருக்கிறதாமே. ஒரு நாள்தான் இருக்கிறது, எதில் போகட்டும்?

பதில்: ஒன்றுதான் முடியும் என்றால் 201 தம்பி. காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

201 நகரத்தின் பழைய பாதை. ஷிங்கோங் வீதியில் தொடங்கி ஷாஹேகோவ் ரயில் நிலையம், டாலியன் ரயில் நிலையம், சன்பா சதுக்கம், சியர்கோ வழியாகப் போய் கிழக்குக் கடற்கரைக் குன்றுப் பூங்காவான ஹாய்ஜியுன் பக்கம் முடிகிறது. இதில் இரண்டு வகை வண்டிகள் ஓடும். ஒன்று தாழ்தளம் உள்ள, இரண்டு மூன்று பெட்டிகளை இணைத்த புது வண்டி. மற்றது 1930களின் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டும் ஒற்றைப் பெட்டி. அதன் உள்ளே மர வேலைப்பாடு இருக்கும். நிறுத்தத்தில் கொஞ்சம் காத்திருங்கள், புது வண்டி வந்தால் விட்டுவிடுங்கள். பழைய வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு போனால் தண்டவாளம் வளைவதும், சந்தியில் கார்கள் ஒதுங்குவதும் நன்றாகத் தெரியும்.

அந்த வண்டி சுற்றுலாவுக்காக வைத்த பொம்மை இல்லை. காய்கறிப் பையோடு பாட்டிகள் ஏறுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது அதுதான். சீனாவின் பெரிய நகரங்களில் பல தங்கள் டிராமைப் பிடுங்கி எறிந்துவிட்டன. பெய்ஜிங்கில் 1966இல் நின்றது, ஷாங்காயில் 1975இல். இன்று அங்கெல்லாம் ஓடுபவை பின்னால் புதிதாகப் போட்டவை. தொடக்க காலத்திலிருந்து அறுபடாமல் ஓடிக்கொண்டிருப்பவை என்று சொன்னால் ஹாங்காங், சாங்சுன், டாலியன், அவ்வளவுதான். இங்கே 1909இல் தென் மஞ்சூரிய ரயில்வே என்ற ஜப்பானிய நிறுவனம் தொடங்கியது. ஆட்சி மாறியது, நாணயம் மாறியது, ஊரின் பெயர்கூட மாறியது. டிராம் நிற்கவில்லை.

202 வேறு ரகம். ஷிங்கோங் வீதியிலிருந்து தென்மேற்காக, சீஆன் சாலை, சிங்ஹாய் பூங்கா, ஹெய்ஷிஜியாவோ, கடல்சார் பல்கலைக்கழகம் வழியாக ஷியாவ்பிங்டாவ் வரை. நீளமான பாதை, மாணவர் கூட்டம் அதிகம். மாலையில் வேலை முடியும் நேரத்தில் ஏறவே ஏறாதீர்கள். இரண்டும் ஷிங்கோங் வீதியில் சந்திப்பதால், காலை 201, பிற்பகல் 202 என்று போனால் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம். கட்டணம் ஓரிரு யுவான். சில்லறையாக வைத்திருங்கள், உண்டியலில் போட்டால் மீதி தரமாட்டார்கள்.

கேள்வி: சீனாவில் எல்லாம் ஃபோன் வழியாகத்தான் என்கிறார்கள். மெட்ரோவுக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்க முடியாதா?

பதில்: முடியும். நிலையத்தில் சீட்டு இயந்திரம் இருக்கிறது, ஆங்கிலத் திரையும் உண்டு. குறைந்த கட்டணம் 2 யுவான், தூரத்துக்கு ஏற்பக் கூடும். ஊர்க்காரர்கள் மிங்ஜூ என்ற பயண அட்டையையோ ஃபோனையோ காட்டிப் போகிறார்கள். சில நாள் மட்டும் இருப்பவருக்குத் தனித்தனிச் சீட்டே போதும். ஆனால் பணம் கட்டும் அலிபே செயலியை உங்கள் ஊரிலேயே இறக்கி, உங்கள் வங்கி அட்டையை இணைத்துவிட்டு வாருங்கள். 2023க்குப் பிறகு வெளிநாட்டு அட்டைகளை இணைப்பது மிகவும் எளிதாகிவிட்டது. மெட்ரோவுக்கு இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குத் தேவைப்படும்.

எல்லா நிலையத்திலும் பையை ஊடுகதிர் இயந்திரத்தில் போடவேண்டும். தண்ணீர் பாட்டில் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், ஒரு வாய் குடித்தும் காட்டச் சொல்லலாம். பதற வேண்டாம்.

கேள்வி: மெட்ரோவில் சும்மா ஏறிப் பார்க்க எந்தத் தடம் நல்லது?

பதில்: 3ஆம் தடம். இந்த ஊரின் முதல் நகர விரைவு ரயில் அதுதான், 2002–03இல் தொடங்கியது. பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும். டாலியன் ரயில் நிலையத்தின் வடக்குப் பக்கத்தில் ஏறினால் கப்பல் தளங்கள், கிரேன்கள், விரிகுடா எல்லாம் சன்னலில் வரும். கடைசியில் ஜின்ஷிதான் கடற்கரை. போகும்போது வலது பக்கம் உட்காருங்கள்.

2023 மார்ச்சில் திறந்த 5ஆம் தடம் சுவோயூ விரிகுடாவுக்கு அடியில் போகிறது. பொறியியலாக அது பெரிய சாதனை. கடலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் நீர் கரைத்த குகைகள். அதற்குள் ராட்சத இயந்திரத்தால் துளைத்திருக்கிறார்கள். பயணிக்கு இருட்டு மட்டும்தான் தெரியும் என்றாலும், முன்பு விரிகுடாவைச் சுற்றிப் போனவர்களுக்கு அதன் அருமை புரியும்.

கேள்வி: ஜனவரியில் ஹார்பின் பனி விழாவுக்கு டாலியனிலிருந்து ரயிலில் போகிறோம். சீட்டில் டாலியன் வடக்கு என்றிருக்கிறது. அது நகர நிலையத்துக்குப் பக்கமா? பனியில் ரயில் ரத்தாகுமா?

பதில்: பக்கம் இல்லை. இதைக் கவனிக்காமல் ரயிலை விட்டவர்கள் நிறையப் பேர்.

டாலியன் நிலையம் நகர நடுவில் இருக்கிறது. இன்றைய கட்டடம் 1937இல் கட்டியது, டோக்கியோவின் உவேனோ நிலையத்தின் சாயல் அப்படியே தெரியும். டாலியன் வடக்கு, அதிவேக ரயிலுக்காகப் புறநகரில் புதிதாகக் கட்டிய பெரிய நிலையம். இரண்டிலிருந்தும் அதிவேக ரயில்கள் புறப்படுகின்றன என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். நகர நடுவில் தங்கினால் ச்சிங்னிவாச்சியாவில் 2ஆம் தடம் ஏறி, சீஆன் சாலையில் 1ஆம் தடத்துக்கு மாறி வடக்கு நிலையம் போங்கள். பயணத்துக்கு ஒரு மணி நேரம், நிலையத்துக்குள் சோதனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரயில் புறப்படச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள். காகிதச் சீட்டு தேவையில்லை, கடவுச்சீட்டுதான் சீட்டு. தானியங்கி வாயில் அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டாமென்றால் இலவசம், ஆறு முதல் பதினான்கு வரை பாதிக் கட்டணம்.

இப்போது பனி. இந்த 921 கி.மீ. பாதை 2012 டிசம்பர் 1 அன்று திறந்தது. கடுங்குளிர்ப் பிரதேசத்துக்கென்றே, மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும்படி கட்டினார்கள். பனி கொட்டுவதைவிடப் பெரிய தொல்லை மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணில் இருக்கும் நீர் உறைந்தால் விரியும், தரை உப்பும். மேலே இருக்கும் தண்டவாளம் சில மில்லிமீட்டர் தூக்கினாலும் 300 கி.மீ. வேகத்தில் அது ஆபத்து. அதனால் நீர் தங்காத கல் கலவையை அடியில் நிரப்பினார்கள், வடிகால் போட்டார்கள், தண்டவாளம் பிரியும் இடங்களில் பனி உருகச் சூடேற்றும் கருவி வைத்தார்கள். அப்படியும் முதல் சில வருடங்கள் குளிர்காலத்தில் 200 கி.மீ.க்கு மேல் போகவிடவில்லை, கோடையில் மட்டும் 300. தரை எப்படி நடந்துகொள்கிறது என்று மூன்று குளிர்காலம் அளந்து பார்த்த பிறகுதான், 2015 டிசம்பர் முதல் வருடம் முழுவதும் 300. அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். கடும் பனிப்புயலில் தாமதமோ ரத்தோ வரலாம், ஆனால் சாதாரணக் குளிருக்கு ரயில் நிற்காது. நான்கு மணி நேரத்தை ஒட்டி ஹார்பின் போய்ச் சேர்வீர்கள். டாலியனில் உங்களுக்குப் போதுமாக இருக்கும் உடுப்பு ஹார்பினில் போதாது, கனத்த உடுப்பைக் கைப்பையிலேயே வையுங்கள்.

கேள்வி: நீராவி இன்ஜின் காலத்திலேயே இங்கே அதிவேக ரயில் ஓடியதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. 'ஆசியா விரைவு ரயில்'. 1934 நவம்பரில் ஓடத் தொடங்கியது. டாலியனிலிருந்து இன்றைய சாங்சுன் வரை 701 கி.மீ., எட்டரை மணி நேரம். பாஷினா என்ற வகை நீராவி இன்ஜின், காற்றைக் கிழிக்கும் வழவழப்பான உறை போட்டது. பெட்டிகளில் குளிர்சாதனம் இருந்தது, அந்தக் காலத்தில்! அந்த இன்ஜின்களில் சிலவற்றை இங்கேயே ஷாஹேகோவ் பட்டறையில் கட்டினார்கள். இரண்டு இன்ஜின்கள் இன்னும் இருக்கின்றன, ஷென்யாங் ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இருந்ததையும் நினைவில் வைக்கவேண்டும். மஞ்சூரியா என்ற இந்த வடகிழக்குச் சீனப் பகுதியை ஜப்பான் பிடித்து, பொம்மை அரசு ஒன்றை வைத்து ஆண்ட காலம் அது. நிலக்கரி, சோயா, படை என எல்லாவற்றையும் அள்ளிச் செல்லவே அந்த ரயில்வே இருந்தது. அதற்கும் முன்னால் 1898இல் ரஷ்யா இந்த முனையைக் குத்தகைக்கு வாங்கியதே, குளிர்காலத்தில் உறையாத துறைமுகம் வேண்டும், அதுவரை ரயில் வரவேண்டும் என்றுதான். தண்டவாளம் வந்ததால்தான் இங்கே ஒரு நகரமே உருவானது. இதை அறிந்து பார்த்தால் டாலியன் நிலையத்தில் நிற்கும்போது மனதில் தோன்றுவதே வேறாக இருக்கும்.

கேள்வி: கொல்கத்தா மெட்ரோவில் 'டாலியன் ரேக்' என்கிறார்களே, இந்த ஊர்தானா?

பதில்: இதே ஊர்தான். 'ரேக்' என்றால் இணைத்த பெட்டிகளின் தொகுதி. மேலே சொன்ன ஷாஹேகோவ் பட்டறை இருக்கிறதே, அதன் தொடர்ச்சிதான் ரயில் வண்டிகள் செய்யும் சீன அரசு நிறுவனமான சிஆர்ஆர்சியின் இன்றைய டாலியன் தொழிற்சாலை. நாக்பூர் மெட்ரோ வண்டிகளும் அங்கே செய்தவையே.

கேள்வி: கப்பலில் வேலை செய்கிறேன். தாயாவ்வான் கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும்போது ஐந்தாறு மணி நேரம் கரைக்குப் போகலாம் என்றால், நகர நடுவுக்குப் போய் வரமுடியுமா?

பதில்: ஐந்து மணி நேரம் என்றால் வேண்டாம் நண்பரே. அந்தத் துறைமுகம் நகரத்திலிருந்து தள்ளி வடகிழக்கே இருக்கிறது. டாக்சி பிடித்து கய்ஃபாச்சூ என்ற வளர்ச்சிப் பகுதிக்குப் போங்கள். கடை, சாப்பாடு, ஃபோன் சிம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் அங்கிருந்து 3ஆம் தடம் ஏறி டாலியன் நிலையம் வந்து, 201 டிராமில் ஒரு சுற்று போய்த் திரும்பலாம். கரை அனுமதிச் சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். துறைமுகத்தின் பெயரைச் சீன எழுத்தில் முகவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டாக்சிக்காரருக்குக் காட்ட வேறு வழி இல்லை.

கேள்வி: லூஷுனில் ரஷ்யர்கள் கட்டிய மர ரயில் நிலையத்துக்கு ரயிலிலேயே போகலாமா?

பதில்: போகமுடியாது. அங்கே பயணி ரயில் 2014இல் நின்றுவிட்டது. 12ஆம் தடத்தில் லூஷுன் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் போகவேண்டும். பச்சைக் கூரையும் சின்னக் கோபுரமுமாகக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கடற்படைத் தளம் என்பதால் லூஷுனின் பெரும்பகுதி நெடுங்காலம் வெளிநாட்டவருக்கு மூடியே இருந்தது. இப்போது திறந்திருக்கிறது, ஆனாலும் கப்பல் படைப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.

கேள்வி: டாலியனிலிருந்து தெற்கே ஷான்டோங் போக ரயில் உண்டா? வரைபடத்தில் நடுவே கடல்தான் தெரிகிறது.

பதில்: நேராகப் போகும் தண்டவாளம் இல்லை. ரயிலில் போனால் போஹாய் கடலைச் சுற்றிக்கொண்டு பெய்ஜிங், தியான்ஜின் பக்கமாக இறங்கவேண்டும். அதனால் இங்குள்ளவர்கள் ஷான்டோங்கில் இருக்கும் யந்தாய் துறைமுகத்துக்குக் கப்பலில்தான் போகிறார்கள், ஆறு மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரவுக் கப்பலில் படுக்கை எடுத்தால் தூங்கி எழும்போது அக்கரை.

இதே கடல்வழியில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலும் ஓடுகிறது. லூஷுன் பக்கம் கரையிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தண்டவாளம் வழியாகவே கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, யந்தாயில் இறக்குவார்கள். 2006இலிருந்து நடக்கிறது. ரயில் பிரியர் என்றால் அந்த நிறுவனத்தின் கப்பலிலேயே பயணிகளுக்கும் இடம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். லூஷுனில் அந்தத் துறைக்குப் போகப் போக்குவரத்து குறைவு, பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.