ஒயின் மலையில் நான்கு நாள்: முட்டைகூடத் தொடாத மாமியாரோடு போகலாமா?

கேள்வி: அக்டோபர் கடைசியில் பத்து நாள் இத்தாலி போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார். மிலானில் இறங்கி, நடுவில் நான்கு நாள் பீட்மாண்ட் பக்கம் ஒயின் ஊர்களில் தங்கவேண்டும் என்பது கணவரின் ஆசை. ஹோட்டல் வேண்டாம், விவசாயக் குடும்பங்களே நடத்தும் 'அக்ரிதூரிஸ்மோ'வில் தங்குங்கள், வீடு மாதிரி இருக்கும் என்கிறார்கள். மாமியார் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. முழங்கால் வலியும் உண்டு. சரிப்பட்டு வருமா? எப்படித் தேர்ந்தெடுப்பது? கார் வேண்டுமா?
— வாசகி, கோவை

பதில்: சரிப்பட்டு வரும். ஆனால் 'வீடு மாதிரி' என்றார்களே, அதில் 'மாதிரி'யை எடுத்துவிடுங்கள். அது வீடேதான். ரிசப்ஷன் கிடையாது, ராத்திரி பதினொன்றுக்கு டீ கொண்டுவர ஆள் கிடையாது, லிஃப்ட் அநேகமாகக் கிடையாது. ஒருமுறை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணிக்கே போய் நின்றேன். நாய் மட்டும் வந்து விசாரித்தது. வீட்டார் எல்லோரும் தோட்டத்தில். நாலரை மணிக்கு டிராக்டரில் வந்து இறங்கிய அம்மாள் என்னைப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். அறைச் சாவி அப்புறம்தான் வந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சட்டமே இருக்கிறது. 1985-இல் போட்டார்கள், 2006-இல் மாற்றி எழுதினார்கள். அறை விடுபவர் விவசாயியாக இருக்கவேண்டும், விருந்தினர் வருமானம் விவசாயத்துக்குத் துணையாக இருக்கலாமே தவிர அதை விழுங்கிவிடக்கூடாது என்பது அதன் சாரம். பீட்மாண்டில் நீங்கள் போகிற ஒயின் ஊர்கள் இருக்கும் லாங்கே குன்றுகள் இன்று பணக்கார ஊர்போலத் தெரியும். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அது ஏழை மண். பிள்ளைகள் டூரின் கார் தொழிற்சாலைகளுக்கும், பக்கத்து ஆல்பா நகரில் இருந்த ஃபெரேரோ சாக்லேட் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போனார்கள். மாட்டுத்தொழுவமும் வைக்கோல் பரணும் காலியாகக் கிடந்தன. நீங்கள் படுக்கப்போகும் அறை பெரும்பாலும் அப்படி ஒரு தொழுவமாகவோ பரணாகவோ இருந்ததுதான். 2014-இல் இந்தத் திராட்சைக் குன்றுகள் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகு கூட்டம் கூடியது, பெயருக்கு அக்ரிதூரிஸ்மோ, நடப்பில் ஹோட்டல் என்கிற இடங்களும் கூடின.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? புகைப்படத்தில் முதலில் நீச்சல்குளம் தெரிந்தால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். அங்கே தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். 'அறை நன்றாக இருந்தது' என்பதில் விஷயமில்லை. வீட்டுக்கார அம்மாளைப் பற்றி, பாட்டியைப் பற்றி, ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி நாலு பேராவது எழுதியிருக்கவேண்டும். சொந்தத் திராட்சையில் ஒயின் போடுகிறார்களா, ஹேசல் கொட்டை மரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் பலகையில் சூரியகாந்திப் பூ அடையாளம் இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை பூக்கள், ஹோட்டல் நட்சத்திரம்போல. அதிகப் பூ என்றால் வசதி அதிகம், சாப்பாடு ருசி என்று அர்த்தமில்லை. விளம்பரத்தில் 'சின்' என்ற அடையாள எண்ணும் இருக்கவேண்டும். 2025 முதல் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அது கட்டாயம். எண் இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

எந்த ஊர் என்றால், பரோலோ, லா மோர்ரா பக்கத்தைவிட பார்பரேஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ பக்கம் பாருங்கள். பரோலோ, பார்பரேஸ்கோ என்பவை ஊர்ப்பெயரும்தான், அங்கே போடும் ஒயினின் பெயரும்தான். இரண்டும் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சைதான், ஆல்பா நகருக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. பரோலோ ஒயினைக் குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கமுடியும், பார்பரேஸ்கோவை 26 மாதம். ஒயின் தெரிந்தவர்கள் பரோலோவை ராஜா என்பார்கள். இருக்கட்டும். ராஜா ஊரில் பேருந்து பேருந்தாக ஆள் இறங்குகிறது. பார்பரேஸ்கோ ஒரே ஒரு தெரு, ஒரு பழைய கோபுரம். பூசை நின்றுபோன ஒரு தேவாலயத்தை ஒயின் கடையாக்கி வைத்திருக்கிறார்கள், பல தயாரிப்பாளர்களின் பாட்டில்களை அங்கேயே ருசி பார்க்கலாம். உங்கள் கணவருக்கு ஒரு சாயங்காலம் அதில் போய்விடும்.

இனி மாமியார் விஷயம். இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

அந்த ஊரில் 'வெஜிதரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, சுட்ட குடைமிளகாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே குடைமிளகாயின் பெயர் 'பெப்பரோனி', பீட்சா மேல் போடும் இறைச்சி என்று நினைத்துப் பயப்படவேண்டாம். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க அழகு. மேலே ஊற்றியிருந்த பழுப்புச் சாறுதான் பான்யா காவ்டா: பூண்டும் எண்ணெயும் நெத்திலி வகை மீனும் சேர்த்துக் கரையக் கரையக் காய்ச்சியது. மீனாயிற்றே என்றேன். 'மீன் இறைச்சி இல்லையே' என்றார் அந்த அம்மாள், உண்மையான குழப்பத்தோடு.

ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். 'சென்ஸா கார்னெ, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா, சென்ஸா ப்ரோதோ தி கார்னெ.' இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல், எலும்பு வேகவைத்த சாறு இல்லாமல். கடைசிதான் முக்கியம். ரிசோட்டோவும் காய்கறி சூப்பும் பார்க்க சைவமாக இருக்கும், கொதித்தது மாட்டிறைச்சிச் சாற்றில். பன்னா கோட்டா என்ற பால் இனிப்பில் ஜெலட்டின் உண்டு, போனெத் என்ற சாக்லேட் புட்டிங்கில் முட்டை உண்டு. அந்த ஊர்ப் பெருமையான தயாரின் நூடுல்ஸ் மாவையே முட்டை மஞ்சள் கருவில்தான் பிசைவார்கள்.

அப்படியானால் என்னதான் மிஞ்சும்? கடையில் காய்ந்த பாஸ்தாவாக விற்பதில் பொதுவாக முட்டை இருக்காது, அதைத் தக்காளியோடு செய்துதரச் சொல்லலாம். பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி இருக்கிறது. நம் களியேதான், தண்ணீரில் கிளறி வெண்ணெய் போடுவார்கள். காட்டுக் காளான், வறுத்த உருளை, ரொட்டி, பழம். பாலாடைக்கட்டி ஏராளம். ஆனால் அதில் பெரும்பாலானவை கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் உறையால் திரித்தவை. இதை மாமியாரிடம் சொல்வதா என்பது உங்கள் குடும்ப விவகாரம், நான் தலையிடவில்லை.

இருந்தாலும் நான்கு ராத்திரியும் இன்னொருவர் சமையலை நம்பி அவரை உட்காரவைக்காதீர்கள். தனி அறை எடுப்பதற்குப் பதில், அதே பண்ணைவீட்டில் 'ஆங்கோலோ கொத்தூரா', அதாவது சமையல் மூலை உள்ள குடியிருப்பாகக் கேளுங்கள். பல வீடுகளில் உண்டு. அரிசியைக் கோவையிலிருந்து சுமக்கவேண்டாம். ஐரோப்பாவிலேயே அதிக நெல் விளைவது இத்தாலியில், அதன் களஞ்சியமான வெர்செல்லி வயல்கள் இதே பீட்மாண்டில் இருக்கின்றன. ஆல்பா சூப்பர்மார்க்கெட்டில் ஆர்போரியோ அரிசி வாங்கி, தண்ணீர் தாராளமாக வைத்துக் குழைய விடுங்கள். சாம்பாருக்கு ஆகாது. தயிர்சாதத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. தயிருக்கு 'யோகுர்த் பியாங்கோ' என்று கேட்டு வாங்குங்கள். கடுகு, பெருங்காயம், ஊறுகாய் மட்டும் எடுத்துப்போங்கள், கூடவே பிளக் அடாப்டரும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது.

முழங்காலுக்கு: 'பியானோ தெர்ரா', தரைத்தளம் என்று எழுதிக் கேட்டு உறுதி வாங்குங்கள். பழைய வீட்டுக் கல்படிகள் செங்குத்தாக இருக்கும். அவர்கள் முதல் மாடி என்பதும் நம்மைப்போல ஒரு படிக்கட்டு ஏறித்தான். குளியலறைத் தண்ணீர்க் கவலை வேண்டாம். வீடுகளில் பிதே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தொட்டி, வைக்கவேண்டும் என்று 1975-இலேயே ஆணை போட்ட நாடு அது. எனக்கு இத்தாலிமேல் மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை சொன்னபிறகும், நீங்களும் கணவரும் ஒரு ராத்திரியாவது வீட்டுக்காரர் மேசையில் சாப்பிடவேண்டும். எல்லா நாளும் சமைக்கமாட்டார்கள், காலையிலேயே சொல்லிவிடவேண்டும். எட்டு மணிக்கு மேலேதான் தொடங்கும், மெனு கார்டு இருக்காது, செய்ததுதான் வரும். தொடக்கப் பதார்த்தங்களே நாலைந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு முழிக்கிற நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால், பிளின் செய்கிற நாளாகப் பார்த்துச் சமையலறையில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். கண்ணாடிபோல மெலிந்த மாவுத்துணியில் வேகவைத்த இறைச்சிப் பூரணத்தைச் சுண்டைக்காய் அளவில் வரிசையாக வைத்து, மாவை மடித்துப் போர்த்தி, இரண்டு பூரணத்துக்கு நடுவில் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒரு கிள்ளு. பிளின் என்றாலே அந்த ஊர்ப் பேச்சில் கிள்ளு என்றுதான் அர்த்தம். பிறகு பல்சக்கரத்தால் வெட்டிக்கொண்டே போவார்கள். நம் வீட்டில் சோமாசி ஓரம் வெட்டுவோமே, அதே சக்கரம்.

காலை உணவைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கேக், ஜாம், ரஸ்க், காபி. காரம் எதுவும் இருக்காது.

கார் வேண்டுமா என்றால், வேண்டும். டூரினிலிருந்து ஆல்பா வரை ரயில் இருக்கிறது. ஆனால் குன்றின்மேல் உள்ள ஊர்களுக்குப் பேருந்து குறைவு, ஞாயிறன்று நம்பவே முடியாது. கணவரின் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துவிடுங்கள். ஆட்டோமேடிக் வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். பழைய நகரங்களின் மையத்தில் 'ஸோனா த்ராஃபிக்கோ லிமிதாதோ', அதாவது அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடை என்ற பலகையைத் தாண்டினால் கேமரா படமெடுத்துவிடும். அபராதச் சீட்டு வாடகைக் கம்பெனி வழியாக மாதங்கள் கழித்துக் கோவைக்கே வந்து சேரும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பனிமூட்டமும் இறங்கும். மலைச்சாலையில் விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் வீடு சேருங்கள்.

இதில் ஒரு சிக்கல். ஒயின் ருசி பார்க்கப் போகிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் ஒரே ஆள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. இரண்டு மூன்று கிளாஸில் அதைத் தாண்டிவிடலாம். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அல்லது நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒயின் கிடங்குகளாகப் பாருங்கள். எந்தக் கிடங்கானாலும் முன்கூட்டியே நேரம் வாங்கவேண்டும், ஞாயிறன்று பல இடங்கள் பூட்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே பக்கத்துக் கிடங்குக்கு ஒரு போன் போடுவார், அந்த வழியில் போனால் கிடைக்கும் உபசாரமே வேறு. திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுவை வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டிலில் ஆளுக்கு இரண்டு. மாமியார் பங்கையும் சேர்த்தால் ஆறு. அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பணம். நீங்கள் போகும் வாரம் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் காளான் வகைக்கான சந்தை நடக்கும், நவம்பர் 1 வேறு அங்கே அரசு விடுமுறை. வருடத்திலேயே நெருக்கடியான நாட்கள். இருவர் அறைக்கு, காலை உணவோடு, ஒரு ராத்திரிக்கு 100 யூரோவுக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மாதம் முன்பே பதிவு செய்யவேண்டும். தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி தனியாக இருந்தால் அங்கே போய்த்தான் கட்டவேண்டும், சில்லறை யூரோ வைத்திருங்கள். சாப்பாட்டின்மேல் ட்ரஃபிள் சீவட்டுமா என்று கேட்டால், கிராம் என்ன விலை என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். போனவுடன் பாஸ்போர்ட்டை வாங்கி விவரம் எடுத்துக்கொள்வார்கள், போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம், பயப்படவேண்டாம்.

முன்பணத்தைச் சிலர் வங்கி வழியாக அனுப்பச் சொல்வார்கள். இங்கிருந்து அனுப்ப கட்டணமும் அலைச்சலும் அதிகம். கார்டில் கட்டலாமா என்று கேளுங்கள், விசா கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களா என்பதையும் சேர்த்து. இதையெல்லாம் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்: தரைத்தளம், சமையல் மூலை, முட்டையும் இல்லாத சைவம், எத்தனை மணிக்கு வருவீர்கள், ராத்திரிச் சாப்பாடு எந்தெந்த நாள். மூன்று வீடுகளுக்கு அனுப்புங்கள். ஒருவர் 'ஓகே, நோ ப்ராப்ளம்' என்று ஒற்றை வரியில் பதில் போடுவார். இன்னொருவர், முட்டை வேண்டாம் சரி, வெண்ணெய் சாப்பிடுவாரா, பூண்டு சேர்ப்பாரா என்று திருப்பிக் கேட்பார். இரண்டாமவர் வீட்டில் அறையைப் பிடித்துப் போடுங்கள்.