தாதியாக வேலைக்குச் சேரும் தங்கைக்கு எந்தக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாம்?

தாதியர் பயிற்சியை முடித்துக் கொழும்பில் ஒரு மருத்துவமனையில் கடமையேற்கவிருக்கும் தங்கைக்குக் கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளிக்க விரும்புவதாகவும், ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே நகரத்தில் பதினைந்து ஆண்டுகளாகத் தாதியாகப் பணிபுரிபவள் என்ற முறையில் என் பதில் இது: செக்கன் முள் தெளிவாகத் தெரிகிற, சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடிய, தொலைந்தால் மனம் நோகாத விலையில் ஒரு முள் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

நேரம் பார்ப்பதற்கு நோயாளர் விடுதிச் சுவரில் மணிக்கூடு இருக்கிறது. தாதியின் கையில் இருப்பது எண்ணுவதற்கு. பயிற்சிக் காலத்தில் மாமா வாங்கித் தந்த டிஜிட்டல் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நான் முதன்முதலில் நாடி பார்த்தபோது, விரலுக்கடியில் துடிப்பை இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண்ணிக்கொண்டிருக்க, திரையில் முப்பத்து நான்கு, முப்பத்தைந்து என்று வேறோர் எண் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மனத்துக்குள் ஒன்றோடொன்று கலந்து, நான் எழுதிய 96 என்பது பொறுப்புத் தாதி மறுபடி எண்ணியபோது 82 ஆயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. தன் கடிகாரத்தைக் கழற்றித் தந்து, அதைப் பார்த்து மீண்டும் எண்ணச் சொன்னார். முள் கடிகாரத்தில் கண் எந்த எண்ணையும் வாசிக்க வேண்டியதில்லை. முள் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு வருகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், எண்ணுகிற வேலை முழுவதும் துடிப்புக்கே கிடைத்துவிடுகிறது. பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு துடிப்புத் தவறினால் கணக்கில் நான்கு தவறும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தச் செக்கன் முள் எத்தனை வேலைக்கு உதவுகிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் அறிவதில்லை. இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017ஆம் ஆண்டில், சிறுவர் விடுதியில் ஒவ்வொரு கட்டிலாகச் சென்று, இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அறிய, பிள்ளையின் விரல் நகத்தை ஐந்து செக்கன் அழுத்திவிட்டு, வெளிறிய இடம் மீண்டும் சிவக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பினால் அடுத்த கட்டிலுக்குப் போகலாம். அதற்கு மேல் இழுத்தால் வைத்தியரை அழைக்க வேண்டும். பக்கத்தில் நின்று "மிஸ், பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்வதற்கு முன் என் கண் அந்த முள்ளில்தான் இருக்கும். கைக்குழந்தையின் மூச்சு ஒழுங்கில்லாமல் வருவதால் அதை ஒரு நிமிடம் முழுமையாக எண்ண வேண்டும். சேலைன் கணக்கும் அப்படித்தான்: 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி, அதாவது பதினைந்து செக்கனுக்குப் பத்து அல்லது பதினொன்று. சேலைனை அளவாக ஏற்றும் பம்பு இல்லாத கட்டிலில் இதை முறுக்கிச் சரிசெய்வது நம் கைவிரலும் கடிகாரமுமே.

ஆகவே வாங்கும்போது முதலில் அந்த முள்ளைப் பாருங்கள். அது முகப்பின் நடுவிலிருந்து புறப்பட்டு விளிம்புக் கோடுகள் வரை எட்ட வேண்டும். ஆறாம் எண்ணுக்கு மேலே சின்ன வட்டத்துக்குள் சுற்றும் முள் அழகாக இருக்கும், அவசரத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளை முகப்பில் வெள்ளி நிற முள் வைத்த கடிகாரங்களைப் பெண்களுக்கென்று ஏராளமாக விற்கிறார்கள். அவற்றைத் தொட வேண்டாம். வெள்ளை முகப்பில் சிவப்பு அல்லது கறுப்பு முள், பன்னிரண்டு இலக்கங்களும் அச்சிட்டிருக்க வேண்டும், நிமிடக் கோடுகள் அறுபதும் இருக்க வேண்டும். விடுதிப் பதிவுகளில் 24 மணித்தியால முறையில் நேரம் எழுத வேண்டியிருப்பதால், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை சிறு எழுத்தில் இருந்தால், புதிதாகச் சேர்பவளுக்குப் பெரிய உதவி.

இரவுக் கடமையில் இன்னொரு சிக்கல் வரும். கடிகாரம் இடக்கையில், நோயாளியின் மணிக்கட்டில் வலக்கை விரல்கள். இந்த நிலையில் விளக்குப் பொத்தானை அழுத்த மூன்றாவது கை நம்மிடம் இல்லை. எனவே பொத்தான் விளக்கை மட்டும் நம்பாமல், முட்களில் ஒளிரும் பூச்சு உள்ளதா என்று பாருங்கள். மலிவான கடிகாரங்களில் அந்தப் பூச்சு விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் மங்கிவிடுவது உண்மைதான். அதன்பின் கட்டிலோரத்தில் டோர்ச்சைச் சாய்த்து வைத்துச் சமாளிக்கிறோம்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் தங்கையிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவளுடைய மருத்துவமனையில், குறிப்பாக அவள் போகும் பிரிவில், மணிக்கட்டில் கடிகாரம் கட்ட அனுமதி உண்டா? இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டிலேயே, நோயாளரைக் கவனிக்கும் மருத்துவமனைப் பணியாளர் முழங்கைக்குக் கீழே கைக்கடிகாரம் அணியக்கூடாது என்ற விதி அறிவிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் கூறும் முறைப்படி சவர்க்காரமும் நீரும் கொண்டு கை கழுவுவதற்கு 40 முதல் 60 செக்கன் வேண்டும், கடிகாரம் கட்டிய கையில் பட்டிக்கடியில் உள்ள தோல் கழுவப்படாமலே போகும். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழற்றித்தான் ஆக வேண்டும். அங்கே சேர்பவள் என்றால், சீருடையின் மார்புப் பகுதியில் குத்திக்கொள்ளும் கடிகாரமே பொருத்தம். அதன் முகப்பு தலைகீழாகத் தொங்குவதால் குனிந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரியும். எனக்கு அதனோடு ஒத்துவரவில்லை. நோயாளியின் மேல் குனியும்போதெல்லாம் அது ஊஞ்சலாடுகிறது, சிறுவர் விடுதியில் எட்டிய கையெல்லாம் அதை இழுத்துப் பார்க்கிறது.

மணிக்கட்டில் கட்டலாம் என்றால் பட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் தோல் பட்டி இரண்டு மாதத்தில் நாற்றமெடுக்கும். துணிப் பட்டி எதையெல்லாம் உறிஞ்சும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உலோகச் சங்கிலியின் இடுக்குகளில் அழுக்குச் சேர்வதோடு, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது முதியவர்களின் மெல்லிய தோலைக் கீறிவிடும். மெல்லிய தங்கமுலாம் அடிக்கடி கழுவித் தேய்ப்பதில் தேய்ந்துவிடும். சிலிக்கன் அல்லது ரெசின் பட்டியே சரி. பின்மூடியில் 30 மீற்றர் என்று எழுதியிருந்தால் அது மேலே தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதுதான் பொருள். குழாயடியில் பிடித்துக் கழுவ 50 அல்லது 100 மீற்றர் என்று குறித்ததை எடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால், கசியோவின் எல்ஆர்டபிள்யூ-200எச் என்ற சிறிய கடிகாரம் 100 மீற்றர் வகையைச் சேர்ந்தது, எண்கள் நன்றாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள வளையத்தின் பள்ளங்களைப் பழைய பற்தூரிகையால் தேய்க்க வேண்டும் என்பது அதன் ஒரே குறை. அதே நிறுவனத்தின் எம்கியூ-24 மெல்லியது, கையுறைக்குள் சிக்காது, ஆனால் நீருக்கு அவ்வளவு ஏற்றதல்ல. 1989 முதல் விற்கப்படும் 21 கிராம் எடையுள்ள எஃப்-91டபிள்யூ எல்லோருக்கும் தெரிந்த பெயர், நல்ல பொருளும்கூட. டிஜிட்டல் என்ற ஒரே காரணத்தால்தான் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. ஸ்மார்ட் வாட்ச் அளக்கும் நாடி கட்டியவரின் நாடி, நோயாளியினுடையது அல்ல. குருதி ஏற்றத் தொடங்கியபின் நோயாளியைக் கூர்ந்து கவனிக்க வேண்டிய முதல் 15 நிமிடத்தை நினைவூட்ட அதன் அதிர்வு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அடிக்கடி சார்ஜ் பண்ணும் தொல்லைக்கு அது ஈடாகாது.

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ வாங்கும்போது, கடைக்காரரிடம் கேட்டுக் கடிகாரத்தைக் கையில் கட்டி, உங்கள் நாடியையே ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். செக்கன் முள் கோடுகளின் மேல் விழாமல் கோடுகளுக்கு நடுவே விழுந்தால் வேறொன்றைக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் பட்டியின் உட்புறத்தில் அழியாத மையால் தங்கையின் பெயரை எழுதிவிடுங்கள். கை கழுவும் தொட்டியின் விளிம்பில் கழற்றி வைத்த என்னுடைய இரண்டு கடிகாரங்கள் திரும்பி வரவே இல்லை. பெயர் எழுதிய மூன்றாவது மட்டும் நான்கு தடவை தொலைந்து நான்கு தடவையும் வந்து சேர்ந்திருக்கிறது.