காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: வீட்டுக் கணினி மென்பொருள் கேள்வி பதில்

உறவினர், அக்கம்பக்கத்தார் கணினிகளைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். இலவச மென்பொருள், தள்ளுபடி மென்பொருள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

சார், லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸ் காலாவதி ஆகிவிட்டது. "70% தள்ளுபடி, இன்று மட்டும்" என்று தினமும் திரையில் வந்து நிற்கிறது. வாங்கிவிடட்டுமா?

வேண்டாம் சார். அதை முழுதாக நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. மற்ற ஆன்டிவைரஸ் போனதும் அது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

வாங்கியே தீருவேன் என்றால், முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள். அது கீழே பொடி எழுத்தில் இருக்கும். தள்ளுபடி பெரும்பாலும் முதல் ஆண்டுக்குத்தான், அப்புறம் கார்டிலிருந்து முழு விலையும் தானாகப் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாக எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், நிறுத்துவதற்கான வழி அதில்தான் இருக்கும்.

அப்படியானால் இலவச ஆன்டிவைரஸ் போடலாமா?

டிஃபெண்டர் இருக்கும்போது தேவை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020இல் அது வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஓர் இலவசப் பொருளைப் போடும் முன் அதைச் செய்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 7-ஜிப் (கோப்புகளைச் சுருக்க), விஎல்சி (வீடியோ பார்க்க), லிப்ரேஆஃபீஸ் (கடிதம், கணக்கு எழுத) எல்லாம் மூலநிரல் திறந்த மென்பொருள்கள், அதாவது அவற்றின் நிரலை யாரும் பார்க்கலாம். விஎல்சியும் லிப்ரேஆஃபீஸும் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுபவை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அண்ணா, விஎல்சி என்று தேடி ஒன்றை இறக்கினேன். பிரவுசரின் முதல் பக்கமே மாறிவிட்டது, புதிது புதிதாக ஐகான்கள் வேறு. விஎல்சி நல்லது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

விஎல்சி நல்லதுதான் தம்பி. நீங்கள் இறக்கிய இடம்தான் சரியில்லை. தேடலில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். உள்ளே போனால் பச்சை நிறத்தில் மூன்று "டவுன்லோட்" பொத்தான்கள் இருக்கும், மூன்றும் வேறு எதற்கோ. உண்மையான இணைப்பு ஓரத்தில் சின்ன நீல எழுத்தில் கிடக்கும். சில இடங்களில் அதுவும் கிடையாது, அவர்களே செய்த ஒரு பொட்டலம்தான் இறங்கும். அதை ஓட்டினால் "எக்ஸ்பிரஸ் (பரிந்துரைக்கப்படுகிறது)" என்பது தேர்வாகியே இருக்கும். பக்கத்தில் மங்கலாக இருக்கும் "கஸ்டம்" என்பதைத் தொட்டால்தான் டிக் போட்டு வைத்திருக்கும் நாலு பெட்டிகள் தெரியும்: ஒரு டூல்பார், ஒரு பிரவுசர், ஒரு "பிசி ஆப்டிமைசர்", ஒரு கூப்பன் செயலி.

பெரிய பெயர் உள்ள தளங்களும் இதைச் செய்தன. 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஜிம்ப் என்ற பட மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை விளம்பரச் சரக்கோடு கட்டிக் கொடுத்துப் பெரிய சண்டையானது. அடுத்த ஆண்டு கைமாறியதும் புது உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். அன்றைய தேதியில் நீங்கள் கேட்காமல் வந்தவை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக நீக்குங்கள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். இனி விஎல்சி என்றால் வீடியோலேன் டாட் ஆர்க். மற்றவற்றுக்கும் அதைச் செய்தவரின் சொந்தத் தளம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர். வேறு எங்கும் வேண்டாம்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. கிளீனர் போட்டு ரெஜிஸ்ட்ரியையும் சுத்தம் செய்தால் வேகம் கூடுமா?

கூடாது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் இடம். அதைச் சுத்தம் செய்யும் கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. இடம்தான் பிரச்சினை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். அங்கே "டவுன்லோட்ஸ்" என்ற பெட்டிக்கு டிக் வைக்கும் முன் மட்டும் நன்றாகப் பாருங்கள், உங்கள் சொந்தக் கோப்புகள் அதில் இருக்கும். அப்புறமும் நிறைந்திருந்தால் விஸ்ட்ரீ, சொந்த உபயோகத்துக்கு இலவசம். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று சில நொடிகளில் காட்டும். எதிர்வீட்டில் அதை ஓட்டியபோது ஒரே கல்யாண வீடியோ நான்கு இடத்தில் இருந்தது, ஒவ்வொன்றும் 11 ஜிபி. கிளீனர் எதுவும் அதைத் தொட்டிருக்காது.

பெயர் பெற்ற சீக்ளீனரிலேயே 2017இல் யாரோ ஊடுருவி வைரஸோடு ஒரு பதிப்பு வெளியானது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. தேவையில்லாத ஒரு பொருளுக்காக அந்த ஆபத்து எதற்கு?

399 ரூபாய்க்கு ஆஃபீஸ் "வாழ்நாள் சாவி" கிடைக்கிறது. உண்மையா?

சாவி வேலை செய்யும், எத்தனை நாள் என்பதுதான் தெரியாது. இவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து வெளியே வந்தவை. மைக்ரோசாஃப்ட் முடக்கினால் பணம் திரும்ப வராது. பிள்ளைக்குப் பள்ளியோ கல்லூரியோ மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதை வைத்து ஆஃபீஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் ஓடும் வேர்டு, எக்செல் எல்லோருக்கும் இலவசம். கடிதம், கணக்கு, பயோடேட்டா வரை லிப்ரேஆஃபீஸே தாராளம்.

ஆதார், பான் பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க ஏதாவது ஒரு தளம் சொல்லுங்கள்.

தளம் சொல்ல மாட்டேன் அம்மா. ஆதாரை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்பக் கூடாது. பிடிஎஃப்24 கிரியேட்டரை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். சேர்ப்பது, பிரிப்பது, அளவைக் குறைப்பது எல்லாம் இணையம் இல்லாமலே நடக்கும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் "டிக் டிக்" சத்தம். குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான். 4,000 ரூபாய் ரெக்கவரி மென்பொருள் பாதி விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா?

முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், இப்போதே. சத்தம் வந்தால் உள்ளே இயந்திரப் பகுதி கெட்டிருக்கலாம். அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஓட்ட ஓட்டத் தட்டில் கீறல் விழும். தரவு மீட்கும் கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவாகும், ஆனால் வாய்ப்பு அங்கேதான்.

எனக்கே இது நடந்தது. என் அக்கா மகளின் முதல் மூன்று வருடப் படங்கள் ஒரு டிஸ்க்கில் இருந்தன. சத்தம் கேட்ட பிறகும் இரவு முழுக்க ஒரு ரெக்கவரி மென்பொருளை ஓட்டவிட்டேன். விடியும்போது டிஸ்க் கணினிக்கே தெரியவில்லை. அக்காவிடம் அதைச் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேமரா கார்டில் தெரியாமல் அழித்த படங்கள் என்றால் கதை வேறு. அதற்கு ஃபோட்டோரெக் இருக்கிறது, முற்றிலும் இலவசம். கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல், மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்கள் வரும்.

நல்ல டிஸ்க் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சளில் "காஷன்" என்று வந்தால் அன்றே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். மென்பொருளுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்குங்கள்.

கிவ்அவே ஆஃப் தி டே போன்ற தளங்களில் காசுக்கு விற்பதை ஒரு நாள் சும்மா தருகிறார்களே, எடுக்கலாமா?

எடுக்கலாம். அந்தக் கெடுவுக்குள் நிறுவிச் செயல்படுத்திவிட வேண்டும். புதுப்பிப்பு வராது, கணினியை ஃபார்மட் செய்தால் போயிற்று. எனவே தினமும் புழங்கும் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.