தினமும் போகிறான், பிறகெப்படி மலச்சிக்கல்?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. போன வாரம் நள்ளிரவில் வயிற்று வலியால் துடித்தான். அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஏதேதோ கேட்டுவிட்டு மலச்சிக்கல் என்றார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. எனிமா கொடுத்ததும் வலி நின்றது. ஆனால் அவன் தினமும் ஆய் போகிறவன், ஜட்டியில்கூட அடிக்கடி கறை படுகிறது. சரியாகத்தான் பார்த்தார்களா?

பதில்: அந்த ஜட்டிக் கறையே பாதி பதில், அம்மா. மலக்குடலில் மலம் இறுகி அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசியும். பிள்ளைக்கே தெரியாது. இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பவர்களும் உண்டு, பிள்ளையை அடிப்பவர்களும் உண்டு. தினமும் கொஞ்சம் போய்விட்டு மீதியை உள்ளேயே வைத்திருக்கவும் முடியும்.

புழுக்கை மாதிரி வருகிறதா, கழிப்பறையே அடைக்கும் அளவுக்குப் பெரிதா, போகும்போது வலிக்கிறதா, கதவோரம் காலைப் பின்னிக்கொண்டு விறைத்து நிற்கிறானா என்றெல்லாம் கேட்டிருப்பார். அப்படி நிற்பதைப் பார்த்து ‘முக்குகிறான்’ என்பார்கள். உண்மையில் அவன் அடக்குகிறான். இந்தக் கேள்விகளும் வயிற்றில் வைத்த கையும்தான் இங்கே பரிசோதனை.

எக்ஸ்ரே எடுக்காததில் குறையில்லை. யார் வயிற்றைப் படம் எடுத்தாலும் மலம் தெரியும். இதற்காக வழக்கமாக எக்ஸ்ரே வேண்டாம் என்றே ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல அமைப்புகளின் 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. படத்தில் மலத்தைப் பார்த்து நிம்மதியாகிக் குடல்வால் அழற்சியைத் தவறவிடுவதுதான் எனக்குப் பயம்.

எனிமாவில் வலி நின்றதையும் முழுச் சான்றாக எடுக்க மாட்டேன். வலி திரும்பி வந்து கூடவே காய்ச்சல், பச்சை வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம் என்று எது இருந்தாலோ, குதிக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாலோ உடனே திரும்பக் கூட்டிப் போங்கள். பையன் என்பதால் விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே விதை முறுக்கிக்கொண்டாலும் சில பிள்ளைகள் வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். பிறந்தபோது முதல் மலம் 48 மணி நேரத்துக்குப் பிறகுதான் வந்தது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு எனிமாவோடு இது தீராது. மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரை எடைக்கேற்ற அளவில் குழந்தை மருத்துவர் எழுதித் தருவார். குறைந்தது 2 மாதம் கொடுக்க வேண்டும். குடல் பழகிவிடும் என்று பாட்டி சொல்லி பாதியில் நிறுத்தி, மறுபடி வருபவர்களே அதிகம். சாப்பிட்டதும் 5 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். விரிந்த மலக்குடல் சுருங்க மாதக்கணக்காகும். அதுவரை ஜட்டியில் கறை பட்டால் திட்டாமல் மாற்றி விடுங்கள்.