‘கேட்டேன்’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் மூன்று: பாலக்கோட்டு அப்பா ஒருவருக்கு

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாப்பா பி.காம். கடைசி வருடம், வங்கித் தேர்வுக்கும் படிக்கிறாள், ஓசூரில் ஏதாவது கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்தாலும் போகத் தயார், ஆனால் ஒரே அர்த்தம் வருகிற ஆங்கில வினைச்சொற்களில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாதிரித் தேர்வில் மார்க் போகிறது, 15,000 ரூபாய் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகளில் 30 ஆங்கிலம். கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம், இந்த 30 மட்டும் ஆங்கிலத்தில்தான், தப்பான விடைக்குக் கால் மார்க் கழியும். ஆனால் நீங்கள் வாங்கிக் கொடுத்த பட்டியல் புத்தகம் இதற்கு உதவாது. ஸே, டெல் இரண்டுக்கும் நேரே ‘சொல்’ என்று அச்சடித்திருப்பார்கள். அதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தாலும் பிள்ளைக்கு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? வித்தியாசம் அர்த்தத்தில் இல்லை, பின்னால் வருகிற சொல்லில் இருக்கிறது. டெல் வந்தால் உடனே ஆள் வர வேண்டும்: டெல் மீ, டோல்ட் ஹர். ஸே வந்தால் சொன்ன விஷயம் வரும், ஆள் வேண்டுமென்றால் நடுவில் ஒரு டு வேண்டும். மாதிரி நேர்காணலுக்கு என் எதிரில் உட்காருகிற பிள்ளைகளில் பலர் அந்த டு இல்லாமல் ‘சார் செட் மீ’ (said me) என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பொய், உண்மை, கதை இந்த மூன்றும் ஆள் இல்லாமலேயே டெல்லோடு வரும், அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

என் அனுபவத்தில் குழப்பம் ஆரம்பிக்கிற இடம் தமிழ்தான். ‘கேட்டேன்’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சமாளிக்கிறோம். சத்தம் காதில் விழுந்தால் ஹியர், கவனம் வைத்துக் கேட்டால் லிஸன், கேள்வி கேட்டால் ஆஸ்க். நம் பக்கத்தில் இதில் ஒரு அழகு உண்டு. கன்னடத்திலும் ‘கேளு’ என்றால் நம்மைப் போலவே காதால் கேட்பது, கேள்வி கேட்பது இரண்டும்தான், தெலுங்கில் மட்டும் காதால் கேட்பதற்கு ‘வினு’, கேள்வி கேட்பதற்கு ‘அடுகு’ என்று வேறு வேறு. அதனால் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைக்கு ஆஸ்க், ஹியர் குழப்பம் வரக் காரணமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு மூளை அதிகம், நம் பாப்பாவுக்குக் குறைவு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

‘படித்தேன்’ இன்னும் மோசம். பி.காம். படித்தேன் என்பதை நேராக ரீட் போட்டுச் சொன்னால் புத்தகத்தை வாசித்த மாதிரி ஆகிவிடும். படிப்புக்கு ஸ்டடி, படித்து நமக்குள் வந்து சேர்ந்ததற்கு லேர்ன்.

சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். ரைஸ், ரெய்ஸ் இரண்டிலும் பாப்பா தடுமாறுவதாக எழுதியிருந்தீர்களே, அது பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். உங்கள் ஊர் மண்டியில் தக்காளி விலை உயர்ந்தது என்றால் ரைஸ். வங்கி வட்டியை உயர்த்தியது என்றால் ரெய்ஸ். தானாக ஏறியதா, ஒருவர் ஏற்றினாரா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதும்போது இது விளையாட்டில்லை அண்ணா. சூடு உயர்ந்தது என்பதற்குப் பதிலாக நான் உயர்த்தினேன் என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்குப் பழி யார் தலையில் விழும்? பாரோ, லெண்ட் கூட அப்படித்தான். கடன் வாங்குகிற விவசாயி செய்வது பாரோ, கொடுக்கிற வங்கி செய்வது லெண்ட். வங்கி வேலைக்குப் போகிற பிள்ளை இதை மாற்றிச் சொல்லக் கூடாது.

சரி, என்ன செய்வது? ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு தமிழ் வினைச்சொல். அதை வைத்து வீட்டில் நாம் தினமும் பேசுகிற வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஆங்கில வாக்கியம் எழுத வேண்டும். வெறும் சொல்லை எழுதக் கூடாது, முழு வாக்கியம். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் போட்டிருக்கிற, ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைப் பார்க்கட்டும், செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அர்த்தத்தை விட்டுவிட்டு முதலில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிக்க வேண்டும், அந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பது அங்கேதான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து எழுத்து சரியாகி, வாய் மட்டும் திறக்கவில்லை என்றால் அப்புறம் வகுப்பைப் பற்றிப் பேசலாம்.

முதல் பக்கத்துக்கு ‘பார்’ என்ற சொல்லைக் கொடுங்கள். படம் பார்த்தேன், டாக்டரைப் பார்த்தேன், கணக்கைச் சரி பார்த்தேன், வேலை பார்க்கிறேன், செய்து பார்க்கிறேன். ஐந்துக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். யாரிடமும் கேட்காமல் அவளே எழுதட்டும், தப்பு இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.